உங்க நம்பரையே போட்டுருங்க

காலையில் பல் விளக்கிவிட்டு வருவதற்குள் என் போனில் பத்துப் பதினைந்து செய்தி வந்து கிடக்கும். அதில் எனக்கானது ஒன்றோ இரண்டோதான். மீதியெல்லாம் ஊரார் செய்தி. யாரோ ஒருவருடைய பட்டா மனு ஏற்கப்பட்டிருக்கும், யாரோ ஒரு பிள்ளையின் வருமானச் சான்று திருப்பி அனுப்பப்பட்டிருக்கும், யார் வீட்டுக்கோ கேஸ் சிலிண்டர் கிளம்பியிருக்கும். திருச்சுழியில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிர்ச்சாரியில் ஆன்லைன் சென்டர் நடத்துகிறேன். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், லேமினேஷன் மெஷின், போட்டோ எடுக்கப் பின்னால் தொங்கவிட ஒரு நீலத் துணி. சுற்றுப்பட்டி ஜனங்கள் எந்த மனுப் போட வேண்டுமானாலும் என்னிடம்தான் வருவார்கள்.

மனுவில் போன் நம்பர் கேட்கும் கட்டம் வந்ததும் நான் தலையைத் தூக்கி, "நம்பர் சொல்லுங்க" என்பேன். முக்கால்வாசிப் பேர், "உங்க நம்பரையே போட்டுருங்க" என்பார்கள். போன் மகன்கிட்ட இருக்கு, மகன் திருப்பூர்ல இருக்கான். போனுக்குக் காசு போடலை. மெசேஜு வந்தா யாரு படிக்க, எல்லாம் இங்கிலீசுல வருது. இப்படி ஆளுக்கொரு காரணம். எங்கள் பக்கத்தில் இது பழக்கமாகவே ஆகிவிட்டது. வெளியூர் போகிறவர்கள் பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிற மாதிரி, நம்பர் கட்டத்தை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது. மனு எண்ணையும் ஆள் பெயரையும் ஒரு நோட்டில் எழுதிவைத்துக்கொள்வேன். செய்தி வந்தால் நோட்டைப் புரட்டிப் பார்த்து, அந்த ஊர் ஆள் யாராவது பஸ்ஸுக்கு நின்றால் கூப்பிட்டுச் சொல்லிவிடுவேன்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். வெப்சைட்டுகள் அவ்வளவு மோசமாக இருப்பதால்தான் என் வீட்டில் உலை கொதிக்கிறது. வெள்ளைத் தாளில் சாம்பலைத் தொட்டு எழுதியது மாதிரி எழுத்து. பாதி நிரப்புவதற்குள் நேரம் முடிந்துவிட்டது என்று எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதல் பக்கத்துக்குத் துரத்தும். ஊர்ப் பெயரைத் தேடினால் அது வேறு ஏதோ எழுத்தில் ஒளிந்துகொண்டிருக்கும். இந்தச் சந்துபொந்தெல்லாம் எனக்கு அத்துப்படி. எந்தத் தளம் எந்த இடத்தில் கழுத்தறுக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அந்த விவரம்தான் என் கைமுதல். தளங்கள் ஒழுங்காக இருந்திருந்தால் நான் அருப்புக்கோட்டையில் பார்த்துக்கொண்டிருந்த ஜெராக்ஸ் கடை வேலையிலேயே இருந்திருப்பேன்.

மளிகைக்கடைப் பிள்ளை முதன்முதலாக என் சென்டருக்கு வந்தது ஒரு வைகாசி மாதத்து மத்தியானம். கடைத்தெருவில் மொத்த மளிகை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை, முப்பது வயதிருக்கும். காலேஜில் படிக்கும்போது இரண்டு கண்ணிலும் பார்வை போய்விட்டது. கடைக்குப் போனில் வருகிற ஆர்டரையெல்லாம் கேட்டு மனதில் வைத்துக்கொண்டு பில் போடச் சொல்வது அவர்தான். பார்வை போன புதிதில் அவருடைய அப்பா கடைவாசலில் இருந்த மூன்று படியையும் இடித்துவிட்டுச் சிமெண்டுச் சரிவு போட்டுவிட்டார். "எனக்குப் படியில ஒரு சங்கடமும் இல்லக்கா, மூணு படின்னு காலுக்குத் தெரியும். அதை எங்கப்பாவுக்கு யாரு சொல்லி விளங்க வைக்கிறது" என்று ஒருநாள் சொல்லிச் சிரித்தார். இப்போது அந்தச் சரிவில் அரிசி மூட்டைத் தள்ளுவண்டி ஏறுகிறது, முழங்கால் வலிக்காரர்கள் ஏறுகிறார்கள், இடுப்பில் பிள்ளையோடு வருகிறவர்கள் ஏறுகிறார்கள். பக்கத்துக் கடைக்காரரும் தன் படியை இடித்துவிட்டார்.

அன்றைக்கு உள்ளே வந்து பெஞ்சைத் தடவிப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, "அக்கா, ஒரு பரிட்சைக்கு அப்ளிகேசன் போடணும். நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். வைஃபை மட்டும் குடுங்க, எங்க கடைக்குள்ள டவர் சுத்தமா இல்ல" என்றார்.

என் கடைக்கு வந்து ‘நீங்க ஒண்ணும் பண்ண வேணாம்’ என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. சரி, பார்ப்போம் என்று பாஸ்வேர்டைச் சொன்னேன்.

அவர் போன் அவரிடம் பேசியது. விரல் போகிற இடத்திலெல்லாம் அங்கே என்ன இருக்கிறது என்று வாசித்துச் சொல்லும். அந்த வேகத்துக்கு எனக்கு ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை, அவருக்கு எல்லாம் பிடிபட்டது. பெயர், பிறந்த தேதி, படிப்பு, முகவரி எல்லாவற்றையும் அவரே நிரப்பினார். நடுவில் ஓரிடத்தில் போன், "பட்டன்… பட்டன்… பட்டன்" என்று மூன்று தரம் சொன்னது. என்ன பட்டன் என்று அதற்கே தெரியவில்லை. தளத்தைச் செய்தவர்கள் பட்டனுக்குப் பெயர் எழுதாமல் விட்டிருந்தார்கள். அவர் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்து வழியைக் கண்டுபிடித்தார். கடைசியில் ஓரிடத்தில் விரல் நின்றுவிட்டது. அங்கே போன் ஒன்றும் சொல்லவில்லை.

"அக்கா, இங்க என்ன இருக்கு?"

எட்டிப் பார்த்தேன். கேப்ச்சா. கோணல்மாணலாக ஐந்தாறு எழுத்து, குறுக்கே இரண்டு கோடு. "படத்துல எழுத்து இருக்கு தம்பி. அதைப் பாத்து அப்படியே எழுதணும். நீங்க மெஷினு இல்ல, மனுசன்தானான்னு சோதிக்கிறாக."

"எனக்கே இப்ப சந்தேகமாத்தான் இருக்கு" என்றார்.

நான் எழுத்தைச் சொல்ல, அவர் அடித்தார். தப்பு என்றது. மறுபடி வேறு படம் வந்தது. அதற்குள் நேரம் முடிந்துவிட்டது என்று மொத்தத்தையும் அழித்துவிட்டது. அவர் முதலிலிருந்து எல்லாவற்றையும் நிரப்பி, மூன்றாவது தரம் அந்த எழுத்துகளை நான் என் கையாலேயே அடித்துக்கொடுத்த பிறகுதான் மனுப் போயிற்று. அவர் முகம் சிவந்திருந்தது. எனக்குள் ஒரு ஓரத்தில் சந்தோஷமாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பார்த்தாயா, நான் இல்லாமல் முடியவில்லை.

கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னார்: "இதை எழுதிப் போடணும்க்கா. நான் எழுதுனா பாவம், கண்ணு தெரியாத ஆளுன்னு ஓரமா வச்சிருவாக. நீங்க தினம் இத்தனை பேரைப் பாக்குறீக. யாரு யாரு எதுல மாட்டுறாகன்னு நீங்க எழுதுனா அதுக்கு மதிப்பு வேற."

"பாக்கலாம் தம்பி" என்றேன்.

பாக்கலாம் என்றால் மாட்டேன் என்று அர்த்தம் என்பது கடைக்காரர் வீட்டுப் பிள்ளைக்கா தெரியாது. இருந்தும் என்னென்ன எழுத வேண்டும் என்று குரல் செய்தியாகப் பேசி அனுப்பினார். ஒரு தரம் கேட்டேன். தளம் எல்லோருக்கும் எளிதாகிவிட்டால் இந்தப் பெஞ்சில் யார் வந்து உட்காருவார்கள் என்று தோன்றியது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையாகிவிடும், நான் போய் எழுதினால். அந்தச் செய்தியும் மற்ற செய்திகளுக்கடியில் போய்விட்டது.

அடுத்த மாதம் ஒரு தாயும் மகளும் வந்தார்கள். பஸ்ஸில் முக்கால் மணி நேரம் தள்ளி ஒரு கிராமம். கரிசல் நிலம் கொஞ்சம் இருக்கிறது. மழை பார்த்து மழை பார்த்து வெறுத்துப்போய் விதைக்காமல் விட, அதில் சீமைக்கருவேலம் மண்டிவிட்டது. அதை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்பதுதான் இப்போது வெள்ளாமை. மூட்டப் புகையில் நின்று நின்று அந்த அம்மாவுக்குக் கண் எப்போதும் கலங்கியே இருக்கும். மகள் பிளஸ் டூவில் நல்ல மார்க். நர்சிங் படிக்க ஆசை. எங்கள் பக்கத்தில் அந்த ஆசைக்குப் பின்னால் ஒரு பயமும் உண்டு: படிக்கக் கிடைக்காவிட்டால் நூல் மில் வேன் வாசலுக்கே வந்து ஏற்றிக்கொண்டு போகும்.

மகள் டவர் கிடைக்கிற இடமாகப் பார்த்து இரண்டு நாள் உட்கார்ந்து தாயின் போனில் மனுவை நிரப்பிப் பார்த்திருக்கிறாள். "கடைசிப் பக்கம் வரைக்கும் வந்துட்டேங்க்கா. அதுக்கு மேல அனுப்புறதுக்கு ஒரு பட்டன் வரணும்ல. அது வரவேயில்ல" என்று போனை நீட்டினாள். அதில் எழுத்து ஒவ்வொன்றும் கொண்டைக்கடலை அளவு இருந்தது. தாயின் கண்ணுக்காகப் பெரிதாக்கி வைத்திருந்தார்கள். அதை நான் பார்த்தேன். பார்த்ததோடு சரி.

"போன்லயெல்லாம் வராதும்மா. சிஸ்டத்துலதான் வரும்" என்றேன். எல்லோருக்கும் சொல்கிற பதில்தான். அது உண்மையா என்று நான் ஒருநாளும் சோதித்துப் பார்த்ததில்லை. சோதிக்க எனக்கென்ன வந்தது.

பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டு நம்பர் கட்டத்துக்கு வந்தேன். அந்தப் பிள்ளை தாயின் நம்பரைச் சொல்ல ஆரம்பித்தாள். தாய் குறுக்கே விழுந்து, "உன் நம்பரையே போட்டுரு தாயி. எங்க போனு மூட்டத்துப் பக்கம் எங்கிட்டாச்சும் கிடக்கும். டவரும் கிடையாது" என்றார்.

"கம்மாக்கரையில ஏறுனா கிடைக்கும்" என்றாள் மகள், மெல்ல.

"ஆமா, நீ தினம் கம்மாக்கரையில ஏறி நிப்பியாக்கும்."

அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தாள். நான் அதற்குள் என் நம்பரை அடித்து முடித்திருந்தேன்.

செய்தி வந்தது ஆடியில். காலேஜில் சேருகிற பிள்ளைகளுக்கெல்லாம் சாதிச் சான்று, வருமானச் சான்று என்று கடைவாசல் வரை கூட்டம். ஒரு கையில் யாருடைய ஆதாரையோ ஸ்கேன் பண்ணிக்கொண்டு மறு கையால் போனைப் பார்த்தேன். ஆங்கிலத்தில் நான்கு வரி. மனு எண் இன்னதுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது, இரண்டு நாளைக்குள் தளத்தில் நுழைந்து உறுதி செய்ய வேண்டும், இல்லையென்றால் ரத்து. பெயர் இல்லை. ஊர் இல்லை. நீளமான ஒரு எண் மட்டும். நோட்டைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். நோட்டு மேஜையில் ஒரு முழம் தள்ளி இருந்தது. "ஏம்மா, என் பேரு தப்பா வந்திருக்கு பாரு" என்று யாரோ கூப்பிட்டார்கள். போனைக் கவிழ்த்து வைத்தேன். அதற்குப் பிறகு அந்தச் செய்தி என் ஞாபகத்திலேயே இல்லை.

நான்காம் நாள் அந்தப் பிள்ளை தனியாகவே பஸ் ஏறி வந்தாள். கூடப் படித்த ஒருத்திக்கு இடம் கிடைத்துவிட்டதாம், தனக்கு என்னவென்று பார்க்க வந்திருக்கிறாள். தளத்தைத் திறந்து எண்ணை அடித்தேன். சிவப்பு எழுத்தில் வந்தது. விருதுநகர்ப் பக்கம் ஒரு காலேஜின் பெயர். ஒதுக்கப்பட்டது. உறுதி செய்யாததால் ரத்து.

அந்த நிமிஷமே எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது, கவிழ்த்து வைத்த போன் வரைக்கும்.

"இடம் குடுத்திருந்தாகளாக்கா?"

"குடுத்த மாதிரிதான் இருக்கு. என்னமோ சிஸ்டத்துல கோளாறும்மா" என்றேன்.

உதவி எண் என்று போட்டிருந்த நம்பருக்கு அவள் முன்னாலேயே போன் பண்ணினேன். மூன்றாம் தரம் எடுத்தவர்கள், சுற்று முடிந்துவிட்டது, இனிமேல் ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. அழவும் இல்லை. அவள் ஊர்ப் பஸ் ஒன்று வந்து போயிற்று. இரண்டாவதும் வந்து போயிற்று. மூன்றாவது பஸ்ஸில் ஏறிப் போனாள். நான் அன்று முழுக்க வேலை பார்த்தேன். என்ன வேலை பார்த்தேன் என்று கேட்டால் தெரியாது.

அடுத்த வாரம் தாய் வந்தார். சண்டை போட வந்திருக்கிறார் என்று நினைத்தேன். முந்தானைக்குள்ளிருந்து ஒரு பை சீனியவரைக்காயை எடுத்து மேஜையில் வைத்தார். "நீ என்ன தாயி பண்ணுவ, எங்க நேரம். நீ அன்னிக்கி முகம் வாடிப்போயிட்டயாமே, பிள்ளை சொன்னா" என்றார். எனக்கு ஆறுதல் சொல்லத்தான் பஸ் ஏறி வந்திருக்கிறார். செருப்பால் அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அந்தக் காயை வீட்டில் சமைக்க மனசு வரவில்லை. வாடும்வரை கூடையிலேயே கிடந்தது.

அந்தச் சமயத்தில்தான் மளிகைக்கடைப் பிள்ளை பரிட்சைக்கு ஹால் டிக்கெட் பிரிண்ட் எடுக்க வந்தார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஏன் அவரிடம் சொன்னேன் என்றால், எனக்கு ஆறுதல் சொல்லாத ஆள் ஊரில் அவர் ஒருவர்தான் என்று தோன்றியது. நினைத்தபடியே அவர் ஆறுதல் சொல்லவில்லை.

"அந்தப் பிள்ளை ஏன் தானே போடலை?" என்று மட்டும் கேட்டார்.

"போட்டுப் பாத்திருக்கா. கடைசியில பட்டன் வரலைன்னா. போன்ல வராது தம்பி."

"என் போன்ல வருமே. எந்தத் தளம்?"

சொன்னேன். அதே இடத்தில் உட்கார்ந்து திறந்து, விரலை இழுத்துக்கொண்டே போய், கடைசிப் பக்கத்தில் நிறுத்தினார். போன், "சமர்ப்பிக்கவும், பட்டன்" என்று சத்தமாகச் சொன்னது. அது எனக்கும் கேட்டது. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்தம்மா எழுத்தைப் பெருசா வச்சிருக்காகளா?" என்றார்.

என் போனை எடுத்து எழுத்தை மிகப் பெரிதாக்கினேன். தளத்தைத் திறந்தேன். பக்கம் பிதுங்கிக்கொண்டு நின்றது. எவ்வளவு தள்ளினாலும் கடைசி வரிக்குக் கீழே போகவில்லை. பட்டன் அதற்கும் கீழே எங்கோ இருந்தது. பழையபடி எழுத்தைச் சிறிதாக்கினேன், பட்டன் வந்துவிட்டது. மறுபடி பெரிதாக்கினேன், போய்விட்டது. இதை நாலைந்து தரம் செய்தேன்.

அந்தப் பிள்ளை எல்லாவற்றையும் சரியாகவே செய்திருந்தாள். இரண்டு நாள் உட்கார்ந்து ஒரு தப்பும் இல்லாமல் செய்திருந்தாள். பட்டன் மட்டும் கண்ணில் பட்டிருந்தால் தன் நம்பரை, அதாவது தாயின் நம்பரை, போட்டு அனுப்பியிருப்பாள். சாயங்காலம் சாயங்காலம் கம்மாக்கரையில் ஏறிப் பார்த்திருப்பாள். இன்றைக்குக் காலேஜில் இருப்பாள்.

"எனக்கு அந்தப் படம், அந்தப் பிள்ளைக்கு இது" என்றார் அவர். "தளத்தைச் செஞ்சவுகளுக்கு என் ஞாபகம் இல்லைன்னு வருத்தப்பட்டேன். உங்க யாரு ஞாபகமும் இல்லக்கா அவுகளுக்கு."

அவர் போன பிறகு பெஞ்சில் வந்து உட்காருகிறவர்களை வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்தேன். அதுவரை எல்லோரும் எனக்கு ஒரே ஆள்தான்: தெரியாதவர். படிப்புப் போதாது, கையாளத் தெரியாது, அதனால் வருகிறார்கள். இப்போது கேட்டேன். தறியில் நூல் இழுத்து இழுத்து விரல்நுனி தேய்ந்துபோன ஒருவர், பட்டன் நெல்மணி அளவு இருக்கிறது, ஒன்றைத் தொட்டால் இன்னொன்று அமுங்குகிறது என்றார். ஆடு மேய்க்கிறவர் ஒருவர் வெயிலில் நின்று பார்த்தால் எழுத்தே தெரியவில்லை என்றார். அவருக்கு என்னைவிட நல்ல கண். காரியாபட்டியிலிருந்து மதுரைக்குத் தினமும் வேலைக்குப் போகிற ஒரு டிகிரி படித்த பெண், பஸ்ஸில் நின்றுகொண்டு ஒரு கையால் நிரப்புவதற்குள் நேரம் முடிந்துபோகிறது என்றாள். மேலே சொன்ன யாருக்கும் ஒரு குறையும் இல்லை. கண் தெரியாத அவர் ஒருவருக்காக அந்தத் தளத்தை யோசித்துச் செய்திருந்தால் இவர்களில் பாதிப் பேர் என்னிடம் வந்திருக்க மாட்டார்கள். அந்தப் பிள்ளையும் வந்திருக்க மாட்டாள். அந்த நினைப்பு என்னைப் போட்டு அரித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அவர்கள் ஊருக்குப் போனேன். ஊருக்கு வெளியிலேயே மூட்டம் புகைந்துகொண்டிருந்தது. தாய் மண்வெட்டியோடு நின்றார், மகள் தண்ணீர்க் குடத்தோடு நின்றாள். என்னைப் பார்த்ததும் தாய் முகம் மலர்ந்து, "வா தாயி" என்றார். உட்காரச் சொல்வதற்குள் சொல்லிவிட்டேன். சிஸ்டத்தில் கோளாறு ஒன்றும் இல்லை. செய்தி என் போனுக்கு வந்தது. படித்தேன். மறந்துவிட்டேன். உங்கள் பிள்ளையின் இடம் என்னால்தான் போயிற்று.

புகை இந்தப் பக்கம் திரும்பியது. அந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது புகையா வேறொன்றா என்று எனக்குத் தெரியவில்லை. "அன்னிக்கே சொல்லிருக்கலாம்ல" என்றார். மகள் குடத்தை இறக்கி வைத்தாள். "நாளைல இருந்து மில்லுக்குப் போறேங்க்கா. அருப்புக்கோட்டை பக்கம். அடுத்த வருசம் மறுபடி போடுவேன்" என்றாள். கோபம் குரலில் இல்லை. என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

பட்டன் விஷயத்தைச் சொன்னேன். எழுத்தைப் பெரிதாக்கினால் பட்டன் மறைந்துவிடுகிறது, நீ செய்ததில் தப்பே இல்லை என்றேன். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். தாயிடமிருந்து போனை வாங்கி எழுத்தைச் சிறிதாக்கிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தாயின் கண்ணுக்குத் தக்கபடி மறுபடி பெரிதாக்கிக் கொடுத்துவிட்டாள்.

அதற்கப்புறம்தான் புகார் எழுத உட்கார்ந்தேன். தளத்திலேயே குறை சொல்வதற்கென்று ஒரு பக்கம் இருந்தது. மளிகைக்கடைப் பிள்ளை முதலில் அதைத் தன் போனில் திறந்தார். கடைசியில் அதே கேப்ச்சா. "குதிரை கீழ தள்ளுனதுமில்லாம குழியும் பறிச்சுச்சாம்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்கும் கொஞ்சம் இடம் கிடைத்தது. சரி, தாளிலேயே எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புவோம் என்று முடிவு பண்ணினோம்.

இரண்டு பக்கம் எழுதினேன். ஓநாய் அழுத கதையாகிவிடுமே என்று இந்தத் தடவை யோசிக்கவில்லை. கூட்டம் குறைந்தால் குறையட்டும், லேமினேஷனும் ஜெராக்ஸும் இருக்கிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். முழுக்கத் தேறவில்லைதான். ஒவ்வொரு பட்டனுக்கும் பெயர் எழுதுங்கள், கண் தெரியாதவருடைய போன் அதை வாசிக்கும். படத்தோடு ஒலியும் வையுங்கள். எழுத்தைக் கறுப்பாக்குங்கள், எங்கள் பக்கத்து வெயில் உங்கள் ஆபீஸில் அடிப்பதில்லை. எழுத்தைப் பெரிதாக்கினாலும் பக்கம் நகர வேண்டும். நேரம் கூடக் கொடுங்கள். செய்தி அனுப்பினால் தமிழில், ஆள் பெயரோடு அனுப்புங்கள். இதெல்லாம் கண் தெரியாதவருக்கு மட்டும் என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள் என்று எழுதிவிட்டு, அந்தப் பிள்ளைக்கு நடந்ததை எழுதினேன். செய்தி என் போனுக்கு வந்ததையும் நான் மறந்ததையும் அதில் மறைக்கவில்லை.

இடம் போனது அவளுக்கு என்பதால் புகாரை அவள் பெயரிலேயே முடித்திருந்தேன்; அவளைக் கேட்காமல் அனுப்பக்கூடாது. மில்லில் வார லீவு விட்ட நாளில் தாயும் மகளும் சென்டருக்கு வந்தார்கள். மளிகைக்கடைப் பிள்ளையும் வந்திருந்தார். அவர் கேட்க வேண்டும், தாயால் அந்த எழுத்தைப் படிக்க முடியாது. அதனால் மகளே சத்தமாக வாசித்தாள். பஞ்சுத் தூசியில் அவள் குரல் கொஞ்சம் கம்மியிருந்தது. தன் இடம் போன கதையை யாரோ ஒருத்தியுடைய கதை மாதிரி வாசித்தாள். தாய் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசி வரிக்கு வந்தாள். "இப்படிக்கு" என்று தன் பெயரை வாசித்தாள். "தொடர்புக்கு" என்று சொல்லி நிறுத்திவிட்டாள்.

"என்னம்மா, எழுத்துப் புரியலையா?" என்றேன்.

அவள் தாளை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். பத்து எண்ணும் என் கையெழுத்தில் அழகாக, தெளிவாக இருந்தன. என் நம்பர்.

நான் யோசித்து எழுதியது இல்லை அது. நம்பர் எழுதுகிற இடம் வந்தது, கை போட்டுவிட்டது. மளிகைக்கடைப் பிள்ளைக்கு ஒன்றும் தெரியவில்லை. "என்னாச்சு?" என்று கேட்டார்.

அவள் என் மேஜையிலிருந்து பேனாவை எடுத்தாள். என் நம்பரின் மேல் ஒரு கோடு போட்டாள். கீழே தாயின் நம்பரை நிறுத்தி நிதானமாக எழுதினாள்.

"டவரு?" என்றார் தாய்.

"கம்மாக்கரையில ஏறிப் பாத்துக்கிறேன்" என்றாள்.

தபாலில் போட்டு மாதங்கள் ஆகின்றன. பதில் வந்தால் அவளுக்குத்தான் வரும். வந்ததா என்று நான்தான் போய் அவளைக் கேட்க வேண்டும்.